ஒரு குண்டூசியில் போன படிப்பு

மாணவர் உதவி மையம் என்று எங்கள் அலுவலகத்தின் கதவில் எழுதியிருக்கிறது. இரண்டு வருசமாக அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறேன். இதுவரை ஒரு மாணவரைக் கண்ணால் பார்த்ததில்லை. கனடாவில் எங்கெங்கோ பனிக்குள் கிடக்கும் ஊர்களிலிருந்து, தொலைதூரக் கல்வியில் படிக்கிறவர்கள் ஈமெயிலில் கேட்கிறார்கள். புத்தகம் வரவில்லை, பரீட்சை எந்த ஊரில், பெயரில் பிழை. கேள்வி வந்ததும் கம்ப்யூட்டர் அதற்கு ஒரு நம்பர் போடும். நான் பதில் எழுதி அந்த நம்பரை மூட வேண்டும். காலையில் கோட்டைக் கழற்றும்போதே நாற்பது நம்பர் திறந்து கிடக்கும். சாயங்காலம் கண் எரிய எழுந்தால் மறுபடி நாற்பது. அள்ள அள்ளக் குறையாது என்று இதைத்தான் சொல்லியிருப்பார்கள் போல.

எண்பதுகளில் நானும் சேத்தூர் சரோஜாவும் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுருட்டிக்கொண்டே பி.ஏ. படித்தோம். ‘கரஸ்’ என்பார்கள். பாடம் தபாலில் வரும், சந்தேகம் மட்டும் நம்மிடமே இருக்கும். கேட்க ஆள் கிடையாது. கடைசி வருசப் பரீட்சைக்கு இரண்டு பேரும் விண்ணப்பப் பாரம் நிரப்பினோம். தனித்தனியாகப் போனால் ஒன்று தொலைந்துவிடுமே என்று பயம். இரண்டையும் அடுக்கி, மூலையில் குண்டூசி குத்தி, ஒரே கவரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எவ்வளவு கெட்டிக்காரி நான்! மேலே இருந்த என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் இருந்ததை ஏதோ இணைப்பு என்று ஃபைலில் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு ஹால் டிக்கெட் வந்தது. அவளுக்கு வரவில்லை. சுயவிலாசம் எழுதிய உறை வைத்து மூன்று கடிதம் போட்டோம். ஒன்றுக்கும் பதில் இல்லை.

பரீட்சை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில். எதற்கும் வாடி என்று அவளையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். வாசலில் இருந்தவர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார். “பேரு இல்லம்மா. நான் என்ன செய்யட்டும்?” என்றார். அவர் குரலிலும் ஒரு அலுப்பு இருந்தது. இப்போது அது எனக்குப் புரிகிறது.

“நீ போயி எழுதுட்டி. நான் இங்கனயே நிக்கேன்” என்றாள் சரோஜா. மூன்று மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றாள். நான் வெளியே வந்ததும், “கேள்வி எம்புட்டு ஈஸி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பாவி, திட்டியிருக்கலாம். அடுத்த வருசம் அவளைத் தேவதானத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் கனடா வரை இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். குண்டூசி குத்தியதைப் பற்றி அவளிடம் நான் வாயே திறக்கவில்லை.

போன மாதம், பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஒரே ஈமெயிலில் கேட்டிருந்தார்கள், தங்கள் பரீட்சை எங்கே என்று. கம்ப்யூட்டர் ஒரு நம்பர் போட்டது. முதல் பெண்ணுக்குப் பதில் எழுதி, மூடப்போன கை அப்படியே நின்றது. இரண்டாவது பெண்ணின் பெயர் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் புதிதாக ஒரு நம்பர் திறந்தேன்.

மேலதிகாரி லிண்டா வந்து, “ஒரு கடிதத்துக்கு ஏன் இரண்டு நம்பர்?” என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஒரு குண்டூசியால் ஒருத்தியின் படிப்பே போயிற்று என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். மிகவும் பரிவோடு தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் என் மேசையில் ஒரு புது டப்பா நிறைய குண்டூசி இருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே சரோஜாவுக்கு எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன்.

நேற்று அவள் பதில் வந்தது.

“ஏட்டி, இதுக்கா இம்புட்டு வருசம் மருகிக்கிட்டுக் கெடந்த? ரெண்டும் சேந்தே போகட்டும்னு சொன்னதே நாந்தான, மறந்துட்டியாக்கும். சின்னப் பேத்தியும் பள்ளிக்கூடம் போயிட்டா. பகல்ல பொழுது கெடக்கு. ஒங்க ஆபீசுல என்னையப் படிக்கச் சேத்துக்கிடுவாகளா, கேட்டுச் சொல்லு. இந்தத் தடவ என் பாரத்தத் தனியா அனுப்பு.”

இன்று காலை, திறந்து கிடந்த நாற்பதையும் அப்படியே விட்டுவிட்டு, சரோஜாவின் கேள்வியை முதலில் பதிந்தேன். நாற்பத்தொன்றாவது நம்பர், அவளுக்கே அவளுக்கு. அடுத்த கட்டத்தில் ஊர் கேட்டது. பட்டியலை மேலும் கீழும் தேடினேன். வாசலில் இருந்த அந்த மனிதரைப் போல இரண்டு தடவை பார்த்தேன். எங்கள் ஊர்ப் பேர் இல்லை. கடைசி வரியில் ‘வெளிநாடு’ என்று இருந்தது. பிறகு அதையே அமுக்கினேன்.