நெட்டைக்காலியைக் கூப்பிட்டவள்

அம்மிணி, நீ எந்தப் புத்தகத்தை விரித்துக் காட்டினாலும் சரி, அது நெட்டைக்காலிதான்.

இன்று காலை கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டில் பைனாகுலரும் பறவைப் புத்தகமுமாக ஒரு பெண். வெளியே வயல் தண்ணீரில் அது நின்றது. கறுப்பு இறக்கை, வெள்ளை வயிறு, சிவப்புக் குச்சி மாதிரிக் கால்.

"பாரு அம்மிணி, நெட்டைக்காலி" என்றேன்.

"இல்லீங்க தாத்தா, அது நெடுங்கால் உள்ளான். நெட்டைக்காலின்னா வேற, குருவியாட்டம் சின்னது."

"இது என்ற ஊட்டுக்காரி வெச்ச பேரு. உன்ற புஸ்தகத்துக்கு மூத்தது."

சிரித்தாள். "அவங்களுக்குப் பறவைன்னா அவ்வளவு ஆசையா?"

"பறவைய ஆரு பாத்தா? புருசன் பேரச் சொல்லக் கூடாதல்லோ. வயல்ல நின்னு 'ஏனுங்க'ன்னா, அத்தன ஆம்பளையும் திரும்புவான். அதுனால என்ற நெட்டக் காலப் பாத்துட்டு, 'ஏ நெட்டைக்காலி, வந்து சோறு தின்னு'ன்னு கத்துவா. மரியாதை எங்கடீன்னா, 'நான் பறவையத்தானுங்களே சொன்னேன்'ம்பா. நான் கரையேறுவேன். பறவை பயந்து பறந்துரும்."

"இப்போ?"

"அவ போயி மூணு வருசம். இப்பப் பறவை பாட்டுக்கு நின்னு மேயுது, கத்தறதுக்கு ஆளில்ல. அம்மிணி, நீ ஒருக்கா அந்தப் பேரச் சொல்லி..."

"ஸ்டாப் வந்துருச்சுங்க தாத்தா" என்று இறங்கிப் போய்விட்டாள்.

உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர்? உள்ளான் என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். கூப்பிட்டால் நான் திரும்ப மாட்டேன்.