நீளமான ட்ரெயிலர் மெதுவாகத் திரும்பும்

இரண்டு வாரங்களுக்கு முன், காரின் பின்னால் கட்டி இழுக்கும் ஒரு ட்ரெயிலர் வாங்கப் போனோம். வாங்கப் போனவர்கள் அன்ரனும் அவன் மனைவி ஜெசிந்தாவும். நான்? கருத்துச் சொல்லப் போனவன். கருத்துச் சொல்ல ஓர் ஆளைக் கூட்டிக்கொள்ளாமல் நம்மில் யார்தான் எதை வாங்கியிருக்கிறோம்?

அன்ரன் மன்னார்க்காரன். என் நண்பன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், பொலிதேயாமா சதுக்கத்துக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் பராமரிக்கிறான். வாரம் முழுக்க மருந்து வாசம், மூடிய ஜன்னல், தொலைக்காட்சியின் முணுமுணுப்பு. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் மட்டுமே அவனுடையவை. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் வானம் வேண்டும் என்று நினைத்தான்... வாங்கிவந்தது ஒரு பழைய ஜெட் ஸ்கீ.

ஆம், தண்ணீரில் சீறிக்கொண்டு போகுமே, அதேதான். ஆனால் இது மீன்பிடிக்கென்றே வால் நீண்ட ரகம். வாலில் ஐஸ் பெட்டி, பெட்டியின் இரு பக்கமும் தூண்டில் நிறுத்தக் குழாய்கள். லைசன்ஸ் எடுத்தான். மிதவைச் சட்டை வாங்கினான். ட்ரெயிலரை மறந்துபோனான்!

விற்றவர் தன் ட்ரெயிலரில், பக்கத்து ஊரான பகேரியாவிலுள்ள அன்ரனின் வாடகை கராஜ் வரை கொண்டுவந்து கொடுத்தார். ஆறு பேர் மூச்சுப்பிடித்துப் பழைய டயர்களின் மேல் இறக்கினோம். அதோடு சரி, பிறகு அது கடலையே பார்க்கவில்லை. எங்கள் ஆட்களில் ஆறு பேருக்கு ஒரே பின்னேரம் ஓய்வு கிடைப்பதும், நத்தாரும் ஈஸ்டரும் ஒரே நாளில் வருவதும் ஒன்றுதான்.

ஜெசிந்தா சண்டை போடவில்லை. நிபந்தனை போட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒரு வியாழன் பின்னேரம், வேற ஒருத்தரையும் கூப்பிடாம, நாங்கள் ரெண்டு பேரும் இதைக் கடலில இறக்கி ஏத்த ஏலுமெண்டா வைச்சிருங்கோ. ஏலாதெண்டா வித்துப்போடுங்கோ. கராஜுக்குள்ள வைச்சுக் கும்பிட இது என்ன சுரூபமே?"

அன்ரன் ஜெட் ஸ்கீயில் இருப்பான். அப்படியென்றால் காரைப் பின்னோக்கி ஓட்டி ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டியது யார்? ஜெசிந்தா. கார் ஓட்டுவாள், நன்றாகவே. ட்ரெயிலர் கட்டி ஓட்டியதில்லை.

அஸ்ப்ரா கடற்கரையில், படகு இறக்கும் சரிவுக்குப் பக்கத்திலேயே கடை. கடைக்காரர் தொத்தோ இரண்டு ட்ரெயிலர்களைக் காட்டினார். ஒன்று குட்டை. பாரமில்லை, விலையும் குறைவு. ஜெட் ஸ்கீயின் வயிற்றைத் தாங்க ரப்பர் உருளைகள். மற்றது நெடியது. உருளைகளுக்குப் பதில் கம்பளம் போர்த்திய இரண்டு நீளப் பலகைகள், தொட்டில் மாதிரி. ஃபைபர் வயிற்றுக்குப் பலகைதான் நல்லது, உருளை ஒரே இடத்தில் அழுத்தும் என்றார் தொத்தோ. சொன்னதெல்லாம் அன்ரனைப் பார்த்து. ஜெசிந்தா பக்கம் திரும்பவேயில்லை.

அன்ரன் டேப்பை இழுத்து அளந்தான். "நீளமானது கராஜுக்குள்ள போகாது மச்சான். கட்டையானதுதான் சரி. ஜெசிக்கும் சுகம்."

நானும் தலையாட்டினேன். சின்னது என்றால் சுலபம்தானே?

காரின் கொக்கியில் குட்டையை மாட்டினோம். ஜெசிந்தா ஸ்டியரிங்கில் இருந்தாள். அவ்வளவுதான்... நம் பாரம்பரியம் விழித்துக்கொண்டது. ஒருவர் ரிவர்ஸ் எடுத்தால் மற்ற எல்லாரும் பின்னால் நின்று கை காட்ட வேண்டும் அல்லவா?

"வரட்டும் வரட்டும்... வலத்தாலை ஒடிச்சுத் திருப்பும்!" அன்ரன்.

"இடம்! இடம்!" நான்.

"தெஸ்த்ரா, சிஞ்ஞோரா, தெஸ்த்ரா!" தொத்தோ. வலது, அம்மணி, வலது என்கிறார்.

"பொறும் ஜெசி, பொறும்!" மறுபடி அன்ரன்.

காரின் வலம் ட்ரெயிலருக்கு இடம் என்பதை மூன்று ஆண்களும் மறந்திருந்தோம். குட்டை ட்ரெயிலர் திரும்பியது... இல்லை, பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் பேனாக்கத்தி போல மடிந்து காரின் பக்கத்தில் வந்து நின்றது. மறுபடி எடுத்தாள். மறுபடி மடிந்தது. அன்ரனின் முகத்தில் மூன்றாம் மாடி ஜன்னல் மெல்ல மூடிக்கொள்வதைப் பார்த்தேன்.

ஜெசிந்தா இறங்கி வந்தாள். வேர்த்திருந்தது.

"மற்றதை மாட்டுங்கோ."

"அது இன்னும் பெரிசெல்லே?"

"மாட்டுங்கோ எண்டன். அண்ணை, நீங்கள் போய் அந்த பாரில கோப்பி குடியுங்கோ. இஞ்சாருங்கோ, நீங்களும் போங்கோ. அந்தாளையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

தெருவின் மறுபக்கத்து பாரிலிருந்து (இங்கே கோப்பிக் கடைக்கும் பார் என்றுதான் பெயர்) நாங்கள் மூவரும் பார்த்தோம், கண்டிக்கப்பட்ட மாணவர்கள் போல. சிற்றலை சரிவின் விளிம்பை நக்கிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருந்தது, பால் சூடா என்று பார்க்கும் பூனை மாதிரி. கார் ஊர்ந்தது. நீண்ட ட்ரெயிலர் சற்றே கோணியது. அவள் நிறுத்தினாள், முன்னே எடுத்தாள், நேராக்கினாள். மறுபடி கோணியது. மறுபடி நேரானது. பிறகு சக்கரங்கள் இரண்டும் ஒன்றாக ஈரத்தைத் தொட்டன.

அன்ரன் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

"எப்பிடி ஜெசி?"

"அந்தக் கட்டை உங்களை மாதிரி. நான் சொல்லி முடிக்க முந்தித் திரும்பிவிடும். இது கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்புது. அதுக்குள்ள நான் என்ர பிழையைத் திருத்திப்போடுவன்."

கொக்கிக்கும் சக்கரத்துக்கும் இடையில் தூரம் கூடினால் ட்ரெயிலர் மெதுவாகத் திரும்பும். தொத்தோவுக்கு இது தெரியும். கேட்டதற்கு, "சிஞ்ஞோராவுக்குச் சின்னதுதான் பிடிக்கும் என்று நினைத்தேன்" என்றார். என்ன வாங்குகிறோம் என்று பார்க்கிறோம். யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்கிறோமா? அடுப்பு வாங்கும்போதுகூட, யார் சமைக்கப்போகிறார்கள் என்று?

"கராஜ்?" என்றான் அன்ரன், கடைசி நம்பிக்கையில்.

"மூக்கு வெளியில நிண்டா நிக்கட்டும். கதவைத் திறந்து வையுங்கோ."

இந்த வியாழன் பின்னேரம் அது கடலுக்குப் போனது. அன்ரன் ஒரு புள்ளியாகச் சுருங்கி, வெயிலில் கரைந்து, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி ஒரு மனிதனாகக் கரைக்கு வந்தான். ஐஸ் பெட்டியில் ஒரேயொரு மீன், உள்ளங்கை அளவு. ஜெசிந்தா ட்ரெயிலரைத் தண்ணீருக்குள் இறக்கினாள். அவன் பலகைகளுக்கு நடுவே ஓட்டி ஏற்றினான். அவள் இறங்கி வின்ச்சைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள். யாரையும் கூப்பிடவில்லை.

"விக்கிறதே?" என்று கேட்டான் அன்ரன், உப்பு வடியும் மீசையோடு.

"பேசாம காரில ஏறுங்கோ. அடுத்த வியாழன் எனக்கும் ஒரு மிதவைச் சட்டை வேணும்."

ட்ரெயிலர் வாங்கப் போகிறீர்களா? துருவைப் பாருங்கள், எடையைப் பாருங்கள், நீளத்தைப் பாருங்கள். பின்னால் நின்று கை காட்டுகிறவர்களை மட்டும் பாருக்கு அனுப்பிவிடுங்கள் — அங்கே கோப்பி நன்றாக இருக்கிறது.