பெரியப்பாவின் இரட்டை எட்டு

பழைய கோட்டை மதிலுக்குள் இருந்த எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் பெரியப்பா தனியாக இருந்தார். பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் பதிலாக ஒரு என்ஜினைக் கட்டிக்கொண்டார் என்று அம்மா கேலி செய்வாள். அவரே செய்த, உள்ளங்கையில் அடங்கும் பெட்ரோல் என்ஜின். ஆனால் நிஜமாகவே ஓடும். அப்பாவும் அம்மாவும் ஆபீசிலிருந்து வர ஏழு மணியாகும். பள்ளிவிட்டு வந்ததும் நான் அவர் கதவைத் தாண்டி நேரே மாடிக்கு ஓடிவிடுவேன். அங்கேதான் டிவி இருந்தது. நான்காம் வகுப்புக்காரிக்கு அவரிடம் பேச என்ன இருக்கிறது?

ஒருநாள் வாசலிலேயே மடக்கினார். "குட்டி, நீ ஒரு காரியம் தீர்மானம் பண்ணித் தரணும்."

காலண்டர் தாளின் பின்புறம் மூன்று படங்கள். மூன்றும் காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் புளோயராம்; பொருத்தினால் வேகம் கூடுமாம். எதைச் செய்வது என்று நான் சொல்ல வேண்டும். முதலாவது விசிறிச் சக்கரம். அசுர வேகத்தில் சுற்றினால்தான் பிரயோஜனம். இரண்டாவதில் வட்டக் கூட்டுக்குள் தகடுகள் நீண்டு சுருங்கும்; சின்ன என்ஜினுக்குத் தோது. மூன்றாவதில் எட்டு வடிவத்தில் இரண்டு உருளைகள், ஒன்றையொன்று தொடாமலே பின்னிச் சுற்றும். அழகாக இருந்ததால் அதில் விரலை வைத்தேன்.

"இதுக்கு ரொம்ப சமயம் பிடிக்கும், கேட்டியா? பரவால்லையா?"

பரவாயில்லை என்று தாராளமாக அனுமதி கொடுத்தேன்.

ஐந்து மாதம் பிடித்தது. உருளைகளுக்கு நடுவே மெல்லிய பட்டத்தாளை நுழைத்துப் பார்ப்பது என் வேலை. "இடிக்கறது பெரியப்பா" என்றால் அரத்தால் ஓர் இழுப்பு இழுப்பார். இடையில் பள்ளிக்கூட வம்பு அத்தனையையும் கொட்டுவேன். அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. பரீட்சை முடிந்ததும் கிளம்ப வேண்டும். அதற்குள் அது ஓடியாக வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. அவரோ, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார்.

கிளம்புவதற்கு முதல்நாள்தான் ஓட்டினார். தெருக் காக்கைகள் எல்லாம் பறந்தன. காற்றழுத்தம் பார்க்க, வளைத்த பிளாஸ்டிக் குழாயில் குங்குமத் தண்ணீர். அது ஒரு நெல்லளவு ஏறி அப்படியே நின்றது. நான் அழுதேன்.

"இத்தனை சின்னதுல காத்தெல்லாம் இடுக்கு வழியா ஒழுகிப் போயிடும். ஓடித்தோல்லியோ, அது மதி, அதுவே போறும்."

கை துடைக்கத் துணி தேடி பிஸ்கட் டின்னைத் திறந்தேன். எண்ணெய்த் தாளுக்குள் இரண்டாவது படத்திலிருந்த அந்தத் தகடு வைத்த புளோயர், முழுசாக. என்ஜின்மேல் வைத்தேன். திருகுத் துளைகள் அச்சாகப் பொருந்தின.

"இது எப்போ பண்ணினது?"

"முன்னாலேயே. உங்கிட்டே படம் காட்டறதுக்கும் முன்னாலே."

"காத்து தள்ளுமா?"

"நன்னாத் தள்ளும்" என்று வாங்கி, மறுபடி தாளில் சுற்றினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னை முட்டாளாக்கிவிட்டார், ஐந்து மாதம் பாழ். மறுநாள் ரயில் ஜன்னலோரம் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு நின்றார். வண்டி நகரும்வரை நான் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். அந்த ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட நான் நேரே மாடிக்குப் போகவில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.