காப்பீட்டுப் பாரத்தில் நான் மறைத்த சர்க்கரை

தம்பி, பாப்பா, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். போன வாரம் தம்பி போன்ல, "ஆபீஸ்ல இன்சூரன்ஸ் போட்டிருக்காங்கப்பா, அது போதும், தனியா எதுக்கு?"ன்னு கேட்டான். இதே வார்த்தையை நானும் ஒரு காலத்துல சொல்லியிருக்கேன். எட்டாவதோட படிப்பை நிறுத்தினவன் எழுதறது. முன்னே பின்னே இருந்தா பொறுத்துக்கங்க.

நடந்தது ஏழு வருஷத்துக்கு முன்னாடி, கள்ளக்குறிச்சியில. எனக்கு அப்போ அம்பத்தஞ்சு வயசு. தனியார் பஸ்ல வெள்ளிமலைக்குப் போற மலை லைன் என்னோடது. காலைல முதல் டிரிப்ல, கச்சிராயபாளையம் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் ஜன்னல்ல குளிர்காத்து வரும் பாருங்க, அதை நினைச்சா இப்பவும் முகத்துல படற மாதிரி இருக்கு. இறங்கும்போது சாமை மூட்டை, கடுக்காய், புளி எல்லாம் ஏறும். பலாப்பழ சீசன்ல பஸ்ஸைக் கழுவி விட்டாலும் வாசம் போகாது. எந்த வளைவுல ஹாரன் அடிக்கணும், எந்த வளைவுல கியரை மாத்தணும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மலை லைன் டிரைவர்னா டீக்கடையில தனி மரியாதை. அந்த சீட்டை விட்டு இறங்கற நினைப்பே எனக்கு ஆகாது.

அதனாலதான் அந்தத் தப்பைப் பண்ணினேன்.

அதுக்கும் எட்டு வருஷம் முன்னாடியே எனக்கு சுகர் வந்திருந்தது. சேலத்துக்கு உங்கம்மாவும் கூட வந்தா. அங்க ஒரு டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திடீர்னு மயக்கமா வந்தா வாயில போட இனிப்பு ஏதாவது கையிலயே வெச்சுக்கோன்னும் சொன்னார். முதலாளிக்குத் தெரிஞ்சா மலை லைனை மாத்திடுவார், லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வில்லங்கம் வரும்னு பயந்து, நான் மறுபடி அந்த டாக்டர்கிட்ட போகவே இல்லை. அவர் எழுதின மாத்திரைப் பேரை வேற தாள்ல எழுதி எடுத்துட்டுப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல மாத்திரை வாங்குவேன். யாருக்குன்னு கேட்டா, "வூட்டுல அவங்களுக்கு"ன்னு சொல்லிட்டேன். கடைக்காரர் உங்கம்மா பேரை நோட்டுல எழுதிக்கிட்டார்.

நம்ம ஊருல ஒரு சேதி எவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிக்கும்? ஒரு மாசத்துல சொந்தக்காரங்க எல்லாருக்கும் உங்கம்மாவுக்கு சுகர்னு தெரிஞ்சுபோச்சு. கல்யாண வீட்டுல பாயசம் பரிமாறிக்கிட்டு வர்றவங்க அவ இலையைத் தாண்டிப் போயிடுவாங்க. அவளும் கையை நீட்டிக் கேக்க மாட்டா. பக்கத்து இலையில உக்காந்து நான் ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிடுவேன். உங்க ரெண்டு பேருக்கும்கூட அம்மாவுக்குத்தான் சுகர்னு அப்போ நினைப்பு. ஆனா தினமும் என் சாப்பாட்டுப் பையில பேப்பர்ல மடிச்சு ஒரு துண்டு வெல்லம் வைப்பா. டாக்டர் சொன்னதை நான் மறந்துட்டேன், அவ மறக்கலை. நான் அதைக் கண்டக்டர் கையில கொடுத்துடுவேன். அவனும், "அண்ணி கைவெல்லம் இல்லாம டிரிப் இறங்காதுண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே தின்னுடுவான்.

எங்க கம்பெனியில எல்லாருக்கும் குரூப் இன்சூரன்ஸ் இருந்தது. வீட்டுக்காரியையும் சேர்த்து. வடக்கனந்தல் பொண்ணு ஒருத்தி, காலேஜ் படிக்கிற காலத்துல எங்க பஸ்ல வந்தவ, இன்சூரன்ஸ் ஏஜென்டா ஆயிருந்தா. ஒருநாள் டீக்கடையில என்னைப் பிடிச்சுக்கிட்டா.

"அண்ணே, எப்போ ரிட்டயர்டு?"

"இன்னும் மூணு வருஷத்துக்கு மேல இருக்குதும்மா."

"அன்னைக்கு சாயங்காலம் காக்கிச் சட்டையைக் கழட்டறீங்க இல்ல, அந்த இன்சூரன்ஸும் அதோட சேந்து கழண்டுக்கும். அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

எனக்கு அதுவரைக்கும் அது தோணினதே இல்லை. வேலை செய்யற உடம்புக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஓஞ்சு உக்கார்ற உடம்புக்கு ஒண்ணுமில்லை.

அந்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து, எனக்கும் உங்கம்மாவுக்கும் சேர்த்துப் போடற ரெண்டு திட்டத்தைப் பிரிச்சுக் காட்டினா. ஒண்ணு கம்மி காசு. நான் அதுலயே கை வெச்சேன். அவ உள்பக்கத்துல பொடி எழுத்தைக் காட்டி, அறுபது தாண்டினா ஆஸ்பத்திரி பில்லுல ஒரு பங்கு நாமே கட்டணும், ரூம் வாடகைக்கும் வரம்பு இருக்குன்னு படிச்சுச் சொன்னா. இன்னொண்ணு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா அந்த வம்பு இல்லை. சரி, அதுவேன்னேன். பேனாவை எடுத்து, "அக்காவுக்கு சுகர் இருக்குதுன்னு ஊருக்கே தெரியும், எழுதிக்கறேன். உங்களுக்கு ஏதாச்சும் இருக்குதாண்ணே?"ன்னு கேட்டா.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

உங்கம்மா என்னைப் பார்த்தா. பிறகு ஏஜென்ட் பொண்ணு பக்கம் திரும்பி, "ஆமாம்மா, எனக்குத்தான்"னு தலையை ஆட்டிட்டு டம்ளரைக் கழுவ எழுந்து போயிட்டா. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. ஆனாலும் பாரத்துல கையெழுத்தைப் போட்டேன்.

அப்புறம்தான் தெரிஞ்சது, அம்பது தாண்டினவங்களுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தாத்தான் பாலிசி தருவாங்கன்னு. ஒரு வாரம் சோத்தைக் குறைச்சேன், பாகக்காய் சாறு குடிச்சேன். டெஸ்ட் அன்னைக்குக் காலைல, எப்படியும் சுகர் கம்மியா காட்டணும்னு, வெறும் வயித்துல ரெண்டு மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கிட்டேன். யாருக்கும் சொல்லலை.

உங்கம்மாவும் நானும் ஏஜென்ட் பொண்ணோட லேபுக்குப் போனா, அங்க கூட்டம். எங்க நம்பர் வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. பெஞ்சில உக்காந்திருந்தேன். ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு, எனக்கு மட்டும் சட்டை நனையுது. எதிர் சுவத்துல இருந்த காலண்டர் ரெண்டாத் தெரிஞ்சது. ஏஜென்ட் பொண்ணு ஏதோ கேக்கறா, எனக்கு வார்த்தை புரியலை. அப்படியே சாஞ்சுட்டேன்.

பிறகு நினைவு இருக்கறது ஒண்ணுதான். உங்கம்மா இடுப்புல இருந்த சுருக்குப்பையை இழுத்து, பேப்பரைக் கிழிச்சு, வெல்லத்தை என் வாய்க்குள்ள திணிச்சா.

"ரெண்டு மாத்திரை போட்டுக்கினு வந்தீங்களா? சொல்லுங்க, ரெண்டு போட்டுக்கினீங்களா?"

அத்தனை பேரு முன்னாடி என் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கேட்டா. லேப்காரர் சர்க்கரைத் தண்ணி கொண்டு வந்தார். பத்து, பதினஞ்சு நிமிஷத்துல கண்ணு தெளிஞ்சது. ஏஜென்ட் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தா.

"அக்கா, சுகர் உங்களுக்குத்தானே? மாத்திரையை அண்ணன் ஏன் போடறாரு?"

அப்பவும் உங்கம்மா விடலை. "அவசரத்துல என்னோடதை மாத்திப் போட்டுட்டாரும்மா"ன்னா. எனக்கு அழுகை வந்துடுச்சு. வெக்கமில்லாம அந்த பெஞ்சிலயே எல்லாத்தையும் சொன்னேன்.

அந்தப் பொண்ணு திட்டுவான்னு பார்த்தேன். என் பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணே, எதிர்ல வர்றது தெரியாத வளைவுல ஹாரன் அடிக்காம போவீங்களா?"ன்னு கேட்டா.

"போவ மாட்டேன்."

"இந்தப் பாரத்துல மட்டும் ஏன் அடிக்காம போறீங்க?"

பொறுமையா விளக்கினா. மறைச்சு வாங்கின பாலிசிக்கு வருஷா வருஷம் பணம் கட்டலாம். ஆனா ஆஸ்பத்திரியில படுத்த அன்னைக்கு டாக்டர், "சுகர் எத்தனை வருஷமா?"ன்னு கேட்டு எழுதுவார். அந்த ஒரு வரியில எல்லாம் போயிடும். சொல்லி வாங்கினா கொஞ்சம் ஜாஸ்தி கட்டணும், மூணு வருஷத்துக்கு சுகர் சம்பந்தமா எதுவும் தர மாட்டாங்க. "அந்த மூணு வருஷமும் கம்பெனி இன்சூரன்ஸ் உங்களைத் தாங்கும். அதனாலதான் வேலையில இருக்கும்போதே போடுங்கன்னு பஸ் ஸ்டாண்டுல நாயா கத்திக்கினு இருக்கறேன்"னா. உங்கம்மா அப்போதான் சிரிச்சா.

பழைய பாரத்தைக் கிழிச்சுட்டு வேற எழுதினோம். மறுபடி டாக்டரைப் பார்த்து, அடுத்த வாரம் முறையா ரத்தம் கொடுத்தோம். உங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்லை. எனக்கு எக்கச்சக்கம்.

அந்த பெஞ்சில எனக்கு இன்னொரு நினைப்பும் வந்தது. அதை இதுவரைக்கும் உங்ககிட்ட சொன்னதில்லை. கண்ணு இருட்டினது லேப்ல இல்லாம, மேல மூணாவது வளைவுல இருந்திருந்தா? பின்னாடி அம்பது பேரு. சாமை மூட்டை மேல பிள்ளையைத் தூங்க வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற பொம்பளைங்க. நானே முதலாளி முன்னாடி போய் நின்னு சொல்லிட்டேன். அவர் கோவப்படலை. "இதை முன்னாடியே சொல்லக்கூடாதாய்யா?"ன்னார். உடம்பு கட்டுக்கு வர வரைக்கும் வண்டி எடுக்கக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சு, டாக்டர் சரின்னு எழுதிக் கொடுத்தப்புறம் உளுந்தூர்பேட்டை லைன்ல போட்டார். ஏத்த இறக்கம் இல்லாத ரோடு, எலவனாசூர்கோட்டை ஸ்டாப்பிங், வெயில், லாரிக்காரன் ஹாரன். கடைசி வரைக்கும் மலை லைன் எனக்குத் திரும்பக் கிடைக்கலை. இப்பவும் வெள்ளிமலை போர்டு போட்ட பஸ் போனா நின்னு பார்த்துட்டுத்தான் நடப்பேன்.

ரிட்டயர்டு ஆன அன்னைக்கு, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே, கம்பெனி இன்சூரன்ஸ் நின்னுபோச்சு. அதுக்குள்ள என்னோடதுக்கு மூணு வருஷம் முடிஞ்சிருந்தது. போன வருஷம் காலுல புண்ணு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அப்போ டாக்டர் அதே கேள்வியைத்தான் கேட்டார். எத்தனை வருஷமான்னு நான் நிஜத்தைச் சொன்னேன். பாலிசியிலயும் அதுதான் இருந்தது. பில்லை இன்சூரன்ஸே கட்டிடுச்சு. உங்ககிட்ட ஒரு ரூபா கேக்காம டிஸ்சார்ஜ் ஆகி வந்தோம். அப்பா கெட்டிக்காரர்னு பாப்பா பெருமையா சொன்னா. இல்லம்மா. உங்கம்மா எட்டு வருஷம் பாயசம் சாப்பிடாம இருந்ததும், அந்தப் பொண்ணு விடாம கேட்டதும்தான்.

தம்பி, ஆபீஸ் போட்டது ஆபீஸ் இருக்கற வரைக்கும்தான். உடம்பு நல்லா இருக்கும்போதே உனக்குன்னு ஒண்ணு எடு, உள்பக்கத்தையும் படி, உள்ளதை உள்ளபடி எழுது. நம்ம நோவை நாம மறைச்சா, அதை வீட்டுல வேற யாரோ சுமக்கறாங்க. இந்த வயசுல எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான்.

லேப்ல இருந்து வந்த அன்னைக்கு சாயங்காலம் உங்கம்மா கோயிலுக்குப் போயிருந்தா. வீட்டுல நான் மட்டும். அடுப்படிக்குப் போய் வெல்ல உருண்டையை உடைச்சேன். ஒரு துண்டைப் பேப்பர்ல மடிச்சு, ஆணியில மாட்டியிருந்த என் காக்கிச் சட்டைப் பையில வெச்சு, பொத்தானைப் போட்டேன்.