அடி அண்ணாமலையில் ஒரு கோணல் கடிகாரம்

எல்லோரும் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஓடும் மே மாதத்தில் நான் திருவண்ணாமலைக்குப் போனேன். காரணம் சிக்கனம்தான். குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தோட்டத்து வீடுகள் கோடையில் காலியாகக் கிடக்கும். நாளுக்கு 2,000 ரூபாய் கேட்பவர்கள் 900-க்கு இறங்குவார்கள். ஐந்து நாள், நான் மட்டும். பழைய கடிகாரம் எதையும் தொடமாட்டேன் என்று கணவருக்கு வாக்கு வேறு கொடுத்திருந்தேன். எங்கள் கூடத்தில் ஏற்கெனவே பதினொன்று ஓடுகின்றன.

கிளாம்பாக்கத்தில் காலை 5.30 பஸ், நான்கு மணி நேரம், 200 ரூபாய். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடி அண்ணாமலை சுமார் எட்டு கிலோமீட்டர், ஆட்டோ 250. "வெயில் ஜாஸ்திங்க. பத்து மணிக்கு மேல வெளிய சுத்தாதீங்க" என்றார் ஓட்டுநர். அப்போதே மணி பத்தைத் தாண்டியிருந்தது.

வீட்டுக் கதவைத் திறக்கும்வரைதான் என் வாக்கு தாங்கியது. எதிர்ச் சுவரில் ஒரு பெண்டுலக் கடிகாரம். தேக்குப் பெட்டி, எண்கோண முகம், எட்டு நாளுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் ரகம். இதைத்தான் பத்து வருடமாகத் தேடுகிறேன்.

"அது ஓடாதுங்க" என்றார் வீட்டுக்கார மல்லிகா அக்கா. "ரிப்பேர்காரரும் பாத்துட்டு, சாமான் கெடைக்காதுனு போயிட்டாரு. அந்த எடத்துல ஏசி மாட்டணும். போறப்ப நீங்களே எடுத்துக்குனு போங்க."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதை எடுக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் சோதிக்காமல் இருக்க முடியுமா? சாவி கொடுத்துப் பெண்டுலத்தை ஆட்டிவிட்டேன். டிக் சீக்கிரம், டாக் தாமதம். இரண்டு நிமிடம் நொண்டிவிட்டு நின்றது. பழுது ஒன்றுமில்லை. இந்த ரகத்தைக் கண்ணுக்கு நேராக மாட்டினால் போதாது, சத்தம் சீராகும்படி மாட்ட வேண்டும். அடிப்பக்கத்தை ஒரு விரற்கடை இடதுபக்கம் தள்ளினேன். ஓடியது. முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தேன். பதினொரு மணிக்கு அடிக்கவும் செய்தது.

அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார். "அய்யோ, என்னமா அடிக்குது!" கடிகாரம் கைவிட்டுப் போனது என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்து எட்டரைக்குத் திரும்பினால், கடிகாரம் நின்றிருந்தது. வீடு பெருக்கிய அக்கா, கோணலாக இருக்கிறதே என்று அதை நேராக்கியிருக்கிறார். "அதுக்கு ஆயுசு அவ்ளோதாங்க. நீங்களே எடுத்துக்குங்க."

இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் 80 ரூபாய்க்குக் காபி குடித்தேன், பெரிய கோயிலில் வரிசையில் நின்றேன். பொய் எதுவும் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள், கடிகாரத்தைச் சுற்றி எடுத்துப்போக அக்கா ஒரு பெட்ஷீட்டைத் துவைத்து, காயவைத்துக் கொண்டுவந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடிகாரத்தைச் சாய்த்து ஓடவிட்டு, பெட்டியின் ஓரமாகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். "இந்தக் கோட்டை விட்டு நகர்த்தாதீங்க அக்கா. அன்னைக்கு நீங்க நேராக்குனதாலதான் நின்னுச்சு."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்ப நான் குடுக்கலைங்க" என்று அக்கா பெட்ஷீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

போகிறவர்களுக்கு: ஏசி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பௌர்ணமியைத் தவிருங்கள், அன்று வீடும் கிடைக்காது, ஆட்டோவும் கிடைக்காது. நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன். வருத்தமில்லை என்றால் அதுதான் பொய். அந்த வீட்டில் தங்க நேர்ந்தால், எதிர்ச் சுவரில் கடிகாரம் கோணலாகத் தெரியும். கை துறுதுறுக்கும். தயவுசெய்து நேராக்காதீர்கள்.