டீச்சருக்குக் கிடைத்த கைதட்டல்

மெழுகுவத்தியை டீச்சர் என்னிடம் நீட்டிய கணம் இன்னும் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. உருகிய மெழுகு அவருடைய கட்டைவிரலில் சொட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல், கருத்தரங்க மேடையில் குத்துவிளக்கின் முன்னாலிருந்து பின்வாங்கி, "நீயே ஏத்திடு" என்றார். ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி விளக்கேற்ற அழைத்ததே நான்தான். மறுபேச்சில்லாமல் வாங்கித் திரியைக் கொளுத்தினேன். முதல் வரிசையில் வெளிநாட்டு விருந்தினர் மூவரும் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசைகளில் எங்கள் மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பாலக்காட்டில் எங்கள் பாலினவியல் துறையின் தலைவர் அவர். ஆசிரியைகள் எல்லோரையுமே டீச்சர் என்று கூப்பிடும் ஊர்தான். இருந்தாலும் எங்கள் வளாகத்தில் வெறுமனே டீச்சர் என்றால் அது அவரைத்தான் குறிக்கும். கல்பாத்தி அக்ரஹாரத்தில் பிறந்து கல்பாத்தியிலேயே வாழ்க்கைப்பட்டவர். நான் கோவை எல்லையை ஒட்டிய வடகரப்பதிக்காரி, அவரிடம் படித்து, அவருக்குக் கீழேயே வேலைக்கும் சேர்ந்தவள். கருத்தரங்குக்கு முந்தைய வருடம் அவருடைய கணவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியங்கள் முடிந்த கையோடு டீச்சர் வகுப்புக்கு வந்தார். நெற்றியில் பொட்டு, எப்போதும் போல அடர்நிறப் புடவை. தெருவில் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கத் துணியவில்லை. அன்று எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்த விருந்தினர்களை வரவழைக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. விருந்தினர் விடுதிக்குக் கொசுவலை வாங்கியதிலிருந்து, காரம் குறைத்த சாம்பாரை ருசி பார்த்தது வரை எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. வாசலில் மாணவிகளைப் பட்டுப்புடவை கட்டி, தட்டேந்தி நிற்கவைக்க வரவேற்புக் குழு முடிவு செய்தபோது, "பொண்ணுகளை வரிசையா நிக்கவெச்சுக் காட்டறதுக்கா இவாளைக் கூப்பிட்டிருக்கோம்?" என்று கேட்டு அதை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டைப் பையன்கள்தான் பரிமாற வேண்டும் என்றார், பரிமாறினார்கள். விளக்கேற்றுவதை மட்டும் அவர் நீக்கவில்லை. அதை எடுத்தால் பலருக்கு மனம் கோணும் என்று விட்டுவிட்டார்.

கருத்தரங்கின் கடைசி அமர்வில், சிலி நாட்டிலிருந்து வந்திருந்த மூத்த ஆய்வாளர் நன்றி சொல்ல எழுந்தார். நிதானமான ஆங்கிலத்தில் பேசினார். தான் எத்தனையோ பல்கலைக்கழகங்களின் தொடக்க விழாக்களைப் பார்த்திருப்பதாகவும், எங்கும் தலைவர்கள் தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்துப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். "இங்கே துறைத்தலைவர் முதல் சுடரைத் தன் இளைய சகாவிடம் கொடுத்தார். நான் ஊருக்கு எடுத்துப்போகப் போவது அந்தக் காட்சியைத்தான்" என்றார்.

முதலில் ஒருவர் கைதட்டினார். அது நான்தான். என்னைத் தொடர்ந்து எல்லோரும் தட்டினார்கள். டீச்சர் எழுந்து கைகூப்பி உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த பேராசிரியர் அவரிடம் குனிந்து ஏதோ பாராட்டாகச் சொன்னார். டீச்சரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. உதடு மட்டும் விரிந்திருக்க, கண்கள் மாணவிகள் பக்கம் போயின.

மீண்டும் எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "நீங்கள் சொன்னது என்னைப் பற்றியல்ல" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "என் கணவர் இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி, கணவனை இழந்தவள் மங்கல காரியத்துக்கு விளக்கேற்றக் கூடாது. இங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை. என் கை தானாக நீண்டது. அது பெருந்தன்மையல்ல, பயம். இருபது வருஷமாக இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது வேறு."

பக்கத்திலிருந்த பேராசிரியர், டீச்சர் அடக்கத்தால் இப்படிச் சொல்கிறார் என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. சிலிக்காரப் பெண்மணி முகம் சிவந்து நின்றார். பிறகு மேடையிலேயே டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை விசாரிக்காமல் புகழ்ந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்டு எங்களுக்கு இன்னும் கூச்சமாகிப்போனது. நாங்கள் யாரும் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை.

டீச்சர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விருந்தினர்களை வரவேற்கும் வேலை எனக்கு வந்திருக்கிறது. துறையின் கதையைக் கேட்பவர்களுக்கு அந்த மேடையில் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அது டீச்சரின் துணிச்சலைச் சொல்லும் கதை. சொல்வதில் எனக்குச் சிரமமில்லை. மறுநாள் காரில் நடந்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கோயம்புத்தூர் விமான நிலையத்தில் விருந்தினர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வாளையார் தாண்டி, டீ குடிக்க டிரைவர் இறங்கிப்போனார். டீச்சர் வெளியே மலையைப் பார்த்தபடி கேட்டார்.

"நீ என்னத்துக்குடி கை தட்டினே?"

மழுப்பலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. "அவங்களுக்குப் புரியாமப் போச்சேன்னுதானுங்க டீச்சர். நம்ம மானம் தப்பிச்சுதுன்னு நெனச்சேனுங்க. சந்தோசமா இருந்துச்சுங்க."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்தது" என்றார். "எழுந்து கும்பிட்டேனே, பார்த்தியோ? அதை மட்டும் நான் மேடையில சொல்லலை."