மார்பில் முதலாளி, முதுகில் அப்பச்சி

காரைக்குடியில் ரக்பி வளர்ந்துவிட்டது என்று மேடைதோறும் பேசுகிறார்கள். வளர்த்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், அந்தப் பேச்சை எந்த அளவு நம்பலாம் என்பது எனக்குத் தெரியும். மைக்செட் வாடகைக்கு விடுவது என் தொழில். முதல் ஆட்டத்துக்கு ஓசியில் ஒலிபெருக்கி கட்டிக்கொடுத்தேன். சாயங்காலம் கழற்றப் போனபோது என்னை ரக்பிக் கழகத்துக்குச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். ஊரே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்ததாக வீட்டில் பீற்றிக்கொண்டேன். அந்த வேலைக்கு வேறு ஆளே கிடைக்கவில்லை என்பதைப் பின்னால் ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

உண்மையில் வளர்த்தது ஓர் உடற்பயிற்சி ஆசிரியை. ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது ஒரு பந்தும் ஒரு விசிலும் நாலைந்து பிள்ளைகளும். இப்போது அமராவதிபுதூரிலிருந்தும் வலையபட்டியிலிருந்தும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சீட்டு கிடைக்கும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். வந்தபிறகு, ஒருத்தியை ஒருத்தி கீழே தள்ளும் சந்தோஷத்துக்காகவே மறுநாளும் வருகிறார்கள். முட்டை மாதிரி இருக்கும் அந்தப் பந்தை யாரும் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் எறிய வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது. அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் மைக்கில் வர்ணனை செய்தேன். புரியாத இடத்திலெல்லாம் "அருமை, அருமை" என்பேன். யாரும் சந்தேகப்படவில்லை.

போன வருடம் எங்கள் பிள்ளைகள் மண்டலப் போட்டியில் ஜெயித்தார்கள். சென்னையில் மாநிலப் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். போக வண்டி கிடைக்கவில்லை, போகவில்லை. அணித்தலைவி அன்று அழவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவளுடைய அத்தா துபாயில் வேலை பார்க்கிறார். வீட்டில் வரவு செலவு, கடைத்தெரு, எல்லாம் அவளும் அவள் உம்மாவும்தான். இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. மாநிலப் போட்டியில் ஆடினால்தான் அந்த ஒதுக்கீட்டுக்கு மனுவே போட முடியும். அவள் கேட்டது ஒன்றுதான்: "வேன் வருமா, வராதா?"

வேன் தேடிப் போனபோதுதான் ஆதரவாளர்கள் என்ற இனத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். பல் ஆஸ்பத்திரிக்காரர் உடனே சம்மதித்தார். இந்த ஆட்டத்தில் யாருக்கெல்லாம் பல் போகும் என்று அவர் பிள்ளைகளின் வாயைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கல்யாண மண்டப உரிமையாளர் பரிசளிப்பு விழாவுக்கு மண்டபம் தருகிறேன், ஆட்டம் வேண்டாம், விழா மட்டும் வையுங்கள் என்றார். கடைசியில் சிக்கியவர் பலகாரக் கம்பெனி முதலாளி. தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் என்று எதை வாங்கினாலும் பாக்கெட்டின் மேல் அவர் கைகூப்பிச் சிரிப்பார். அவருடைய அதிரசத்தைவிட அந்தச் சிரிப்பில் எண்ணெய் அதிகம்.

ஜெர்சியும் தருகிறேன், வேனும் தருகிறேன் என்றார் முதலாளி. நான் அதோடு நன்றி சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கிற வழக்கம் நம்மிடம் ஏது? கோயில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரை வெளிச்சமே வராத அளவுக்கு எழுதும் ஊர்க்காரன் நான். "ஒங்க படத்தையே நெஞ்சுல போட்டுருவோம்ணே" என்றேன். அவருக்குக் கண் கலங்கியது. முதுகில் காலஞ்சென்ற தன் அப்பச்சி படத்தையும் போட முடியுமா என்று கேட்டார். தகப்பனார் மேல் அத்தனை பாசம். போட்டோம். எண்ணுக்கு இடமில்லாமல் அப்பச்சியின் கழுத்து மாலைக்குக் கீழே சின்னதாக ஒதுக்கினோம். அரைக்கால் சட்டையில் பின்பக்கம், உட்காரும் இடம் காலியாக இருந்தது. அங்கே என் மைக்செட் பெயரை அடித்துக்கொண்டேன். நானும் ஆதரவாளன்தானே.

புது ஜெர்சியில் பிள்ளைகள் தங்களுக்குள் இரண்டு பிரிவாக ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். முதலாளி குடும்பத்தோடு காரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மைதானம் முழுக்க முதலாளிகள் கைகூப்பியபடி ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தார்கள். முதல் நாள் மழை. செம்மண் குழைந்து கிடந்தது. ஓடுகிறவளை எட்டிப் பிடிக்க அப்பச்சியின் நெற்றிதான் வாகாக இருந்தது. பிடித்து இழுத்தார்கள். அவள் விழுந்தாள், மேலே இன்னும் நாலு பேர் விழுந்தார்கள். நான் மைக்கில் "அருமை, அருமை" என்றேன்.

முதலாளி எழுந்து என்னிடம் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"எங்க அப்பச்சி எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுசரு. அவுக முகத்தப் பிடிச்சு இழுத்து மண்ணுல போட்டுத் தேய்க்கிறாக. நீங்க அருமைங்கிறீக."

பிள்ளைகள் விழாமல் ஆடட்டும், அப்படி ஆடினால் வேன், இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போனார். இதிலென்ன கஷ்டம், பதமாக ஓடச் சொன்னால் போச்சு என்று நான் ஆசிரியையிடம் போய் நின்றேன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அண்ணே, பாயிண்டு எப்புடி எடுக்கிறதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"கோட்டத் தாண்டி ஓடுனா..."

"தாண்டுனாப் பத்தாது. பந்தத் தரையில வச்சு அமுக்கணும். பாஞ்சு விழுந்துதான் அமுக்குவாக. நம்ம பிள்ளைக பாயிண்டு எடுக்கிறப்பல்லாம் மொதலாளி மூஞ்சிதான் மொதல்ல தரையில போய் முட்டும். செயிக்கணும்னா அவர் மண்ணத் திங்கணும். போய் அவுககிட்ட நீங்களே சொல்லிருங்க."

இரண்டு வருடம் வர்ணனை செய்த எனக்கு ஆட்டத்தின் அடிப்படை விதி அன்றைக்குத்தான் தெரிந்தது. போய்ச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வேறு ஜெர்சிக்கு வழியுமில்லை. இருந்ததைத் துவைத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகில் மார்க்கரால் எண்ணை எழுதிக்கொள்ளலாம் என்று அணித்தலைவிதான் சொன்னாள். முகம் மண்ணில் படாது. முதலாளிக்கும் சொல்லி அனுப்பினோம். வேனைப் பற்றி அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

மண்டல இறுதிப் போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. ஜெயிக்கிற அணி சென்னைக்கு. முதலாளி வந்திருந்தார். சிறப்பு விருந்தினர் என்று அழைப்பிதழில் பெயர் அடித்துவிட்டால் இங்கே யாரும் கோபத்தை அதற்குமேல் நீட்டுவதில்லை. எதிரணி பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். அவர்கள் மார்பில் படமெல்லாம் இல்லை. வேறொரு முறுக்குக் கம்பெனியின் பெயர் மட்டும் பெரிதாக, தெளிவாக இருந்தது. நம் முதலாளிக்கும் அந்தக் கம்பெனிக்கும் இரண்டு தலைமுறைப் பகை.

அந்த அணியின் பெயர் எனக்குத் தெரியாது. விசாரித்துக்கொள்ளும் புத்தியும் கிடையாது. மார்பில் இருந்ததைப் படித்தேன். அந்தக் கம்பெனி முன்னேறுகிறது, அந்தக் கம்பெனி பாய்கிறது, அந்தக் கம்பெனிக்கு ஐந்து பாயிண்டு என்று நாலு ஒலிபெருக்கியிலும் முழங்கினேன். எங்கள் பக்கம் படிக்க எதுவுமில்லாததால் "நம்ம பிள்ளைக" என்றதோடு சரி. கூட்டத்தில் பாதிப்பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் முகம், நான் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல, அடுப்பில் மறந்த தேன்குழல் மாதிரி கறுத்துக்கொண்டே போனது.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் என் மேசைக்கு வந்துவிட்டார்.

"சட்டையத் திருப்பிப் போடச் சொல்லுங்க."

"மண்ணு படும்ணே. அப்பச்சி..."

"அப்பச்சி யாவாரம் தெரிஞ்சவுக. ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

தகப்பனார் பாசம் அவ்வளவு சீக்கிரம் வற்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிட மைக்கை எடுத்தேன். அதற்குள் தண்ணீர் குடிக்க வந்திருந்த அணித்தலைவி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"வேன் உண்டுன்னு இதுல சொல்லிருங்கய்யா. நாங்க திருப்பிப் போட்டுக்கிறோம்."

அவள் சொன்னதும் சேர்ந்தே ஊருக்குக் கேட்டுவிட்டது. முதலாளி கூட்டத்தைப் பார்த்தார், செல்போன்களைப் பார்த்தார், எதிரணியின் மார்புகளைப் பார்த்தார். வேன் உண்டு என்றார். போக வர உண்டு, வழியில் சாப்பாடு உண்டு என்றார். கைதட்டு வந்தது. கைதட்டு வந்ததும் தன் நிறுவனம் ஆரம்பித்த வரலாற்றைத் தொடங்கினார். நடுவர் விசில் ஊதினார், முதலாளி நிறுத்தவில்லை. கடலை மாவு தட்டுப்பாட்டுக் காலத்துக்கு வந்துகொண்டிருந்தார். நான் மேசைக்கடியில் குனிந்து ஒயரைப் பிடுங்கினேன். ரக்பிக்கு நான் செய்த ஒரே தொண்டு அதுதான்.

உள்ளே எல்லோரும் முழுக்கை உள்சட்டை போட்டிருந்ததால் நின்ற இடத்திலேயே ஜெர்சியைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசி நிமிடம்வரை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அப்புறம் அணித்தலைவி ஓரத்துக் கோட்டை ஒட்டி ஓடினாள். இரண்டு பேர் அப்பச்சியைப் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, பந்தை மார்போடு சேர்த்துச் செம்மண்ணில் அமுக்கினாள். முன்வரிசையில் முதலாளி எழுந்து நின்று "நல்லா அமுக்கு, நல்லா அமுக்கு" என்று கத்தினார். மறுநாள் பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. முதலாளி தரைக்குள் இருந்தார். அப்பச்சியை இரண்டு கைகள் மறைத்திருந்தன. முழுசாகத் தெரிந்தது என் மைக்செட் பெயர்தான், எந்த இடத்தில் அடித்தேனோ அந்த இடத்தில்.

வேன் சொன்ன நாளில் வந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல்களை முழுக்க மூடி முதலாளியின் பேனர். உள்ளே காற்று இல்லை, வெளிச்சம் இல்லை. ஊர் எல்லை தாண்டட்டும் என்று ஆசிரியை மெல்லச் சொன்னார். திருப்பத்தூர் போவதற்குள் தலைவி சீப்பின் முனையால் ஜன்னல் ஜன்னலாகக் கிழித்துவிட்டாள். முதலாளியின் வாயிருந்த இடத்தில் அவள் முகம் தெரிந்தது, காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் என் பைக்கில் திருப்பத்தூர் வரை வழியனுப்பப் போனேன். வேனின் பின்கதவில், புகைக்குழாய்க்கு நேர் மேலே, என் பெயரையும் ஒட்டியிருந்தேன். எழுத்து பிள்ளையார்பட்டி வரைக்கும் படிக்கிற மாதிரி இருந்தது, அதற்கப்புறம் கரிதான்.